இரண்டு கதவா, நான்கு கதவா?

பிள்ளை பெற்றவனுக்கு வேகமான கார் எதற்கு என்று உறவில் பலர் கேட்டார்கள். ஆசை என்பது கல்யாணத்தோடு பாதியும் குழந்தையோடு மீதியும் கழிந்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனக்கென்று ஒரு பிரியமும் இல்லாமல் வற்றிப்போன அப்பாவால் பிள்ளைக்கு என்ன கிடைத்துவிடும்? அதிலும் நான் கோயமுத்தூர்க்காரன். மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டிக் காட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர்தான். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு மோட்டார் மேல் பிரியம் வருவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

பல வருஷம் சேர்த்த பணம் ஒன்று கூடிய நேரமும் மகள் பிறந்த நேரமும் சேர்ந்து வந்தன. மனதில் இருந்தவை இரண்டு வண்டிகள். இரண்டும் பி.எம்.டபிள்யூ. இரண்டிலும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின். ஒன்று எம்2: இரண்டு கதவு, பின்சக்கர ஓட்டம், கேட்டால் கையால் மாற்றும் ஆறு கியர். வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியாகிறது; 2023இல் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 98 லட்சம். மற்றது எம்340ஐ: நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம், ஆட்டோமேட்டிக் கியர். இதைச் சென்னைக்குப் பக்கத்தில், மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆலையில் பூட்டுகிறார்கள். 2021இல் 62.90 லட்சத்துக்கு அறிமுகமானது.

நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எம்340ஐக்கு 4.4 விநாடி. 2023இல் வந்த ஆட்டோமேட்டிக் எம்2வுக்கு 4.1. இடையில் இருப்பது 0.3 விநாடி. தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் அந்த 0.3 விநாடியை நியாயமாகப் பயன்படுத்த வழியில்லை. எம்2வை விரும்புகிறவர்கள் அதற்காக விரும்புவதும் இல்லை. வளைவில் நுழையும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் முன்பக்கம் உள்ளே திரும்பும். மறுபடி மிதித்தால் பின்சக்கரங்கள் தள்ளுவதை முதுகு உணரும். கை, கால், கண், காது எல்லாம் ஒரே வேலையில் இருக்கும். வேறு எந்த நினைப்பும் அப்போது உள்ளே வராது. அந்த அனுபவத்தை உயர்ந்தது என்றே இன்றும் சொல்வேன்.

ஆனால் பின்சீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது செய்யவே கூடாத காரியமும் அதுதான். அப்படியானால் எம்2வின் சந்தோஷம் முழுவதும் குழந்தை இல்லாத நேரத்துக்கு உரியது. அது எந்த நேரம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சாலை காலியாக இருக்கும், வெயில் ஏறியிருக்காது, மலைப்பாதைக்கு அதைவிட நல்ல வேளை கிடையாது. இரவெல்லாம் பால் கொடுத்துக் கண் விழித்த என் மனைவி, நான் குழந்தையை வாங்கிக்கொண்டால் அசந்து தூங்கக் கூடிய நேரமும் அதே விடியற்காலைதான். அவள் அதைச் சொல்லிக் காட்டுகிறவள் இல்லை. வீட்டு வாசலில் எம்2 நின்றால் ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வண்டியின் மேல் குறையில்லை. அது ஓட்டுகிறவனின் தனிமையைக் கேட்கிறது. இந்த இரண்டு மூன்று வருஷம் என்னிடம் கொடுக்க இல்லாத பொருள் அது.

இதற்கு நடுவில் அம்மாவுக்கும் எனக்கும் வேறொரு வாக்குவாதம். குழந்தைக்கான சீட் வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சப் புள்ளயக் கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போறதாடா? எம்மடில இருந்தா ஆகாதா கண்ணு?" நம் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத பாட்டி இருக்க மாட்டார். அதில் இருப்பது பாசம். பாசத்துக்குக் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பகுதி நசுங்கி அரை மீட்டரில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் அதன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசை விழும். 5 கிலோ குழந்தை 100 கிலோவாகக் கையை விட்டு முன்னால் பாயும். எந்தப் பாட்டியின் கையாலும், எந்த அப்பாவின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

குழந்தையைப் பின்நோக்கி உட்கார வைப்பதற்கும் காரணம் உண்டு. கைக்குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரியது, கழுத்து எலும்பு இன்னும் இறுகாதது. முன்நோக்கி உட்கார்ந்தால், தலை முன்னால் பாயும் விசையை அந்தக் கழுத்தே வாங்கும். பின்நோக்கி உட்கார்ந்தால் முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் சாய்ந்திருந்த இருக்கையைப் பார்த்துத்தான் சுவீடன் ஆய்வாளர் பெர்டில் ஆல்ட்மன் 1960களில் இதை வடிவமைத்தார். இந்த சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் வைக்கக் கூடாது. விரியும் பை நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும். நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2019இல் வந்த மோட்டார் வாகனத் திருத்தப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ தகுந்த இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். 2022இல் மட்டும் 1,68,491 பேர் சாலையில் செத்துப்போன நாட்டில் அந்தத் தொகை மிகச் சிறியது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செரி, அப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்." என் மனம் அங்கேதான் ஒரு முடிவுக்கு வந்தது. எம்2வின் பின்சீட்டிலும் குழந்தை இருக்கையை மாட்டலாம். அதற்கான கொக்கிகள் உண்டு. ஆனால் மூட்டுவலி உள்ள என் அம்மா, முன்சீட்டைச் சாய்த்துத் தள்ளிய இடைவெளியில் குனிந்து நுழைந்து பேத்தியின் பக்கத்தில் உட்கார முடியாது. வயிற்றில் தையல் போட்ட மனைவியாலும் அந்த நீளக் கதவுக்குள் வளைந்து குழந்தையைத் தூக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளம் தகப்பன்மார் வண்டியின் பிரேக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், நம் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். இந்தியச் சட்டம் அனுமதிப்பது 0.03 மட்டுமே. குழந்தை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, அதற்குப் பிறகு தூங்க முடியாமல் போன நாளில், சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும் எந்த அப்பாவும் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். அன்றைக்கு 300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காரின் சாவியை வேறொருவர் கையில் கொடுப்பதே சரி.

எம்340ஐயை வாங்கினேன். அதுவும் வேகமான வண்டிதான், மறைப்பதற்கில்லை. வேகம் வேண்டும் என்று மனம் கேட்கும் நாளுக்கு, ஹெல்மெட்டோடு போய் ஓட்டச் செட்டிபாளையத் தடம் இருக்கிறது. பொதுச் சாலையில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தேர்வு நடந்துகொண்டிருந்தால், ஓட்டிப் பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். பின்சீட்டில் மாட்டிவிட்டு, முன்னால் நீங்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவரை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த வண்டியை வாங்கினாலும் சரி, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்திலேயே குழந்தையை மடியில் வைக்காமல் அதன் இருக்கையில் வையுங்கள்.