பத்து ஷில்லிங்கும் நாற்பது வெள்ளியும்

சனி, ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் பழைய பொருள்களுக்கு ஒரு சந்தை கூடும். பீங்கான் தட்டு, ஓடாத கைக்கடிகாரம், பழைய கேமரா, இவற்றுக்கு நடுவில் இசைத்தட்டுப் பெட்டிகள். நான் வழக்கமாகப் போகும் அங்கிளின் மேசையில் மொத்தம் மூன்று பெட்டிகள்தான். பாப், ஃபோக், ஜாஸ். அட்டையை வெட்டி, மார்க்கரில் எழுதிச் சொருகி வைத்திருப்பார். எதுவும் நாற்பது வெள்ளிக்குக் குறையாது. பேரம் பேசினால், “வீட்டுல போயி யூடியூப்ல கேளு தம்பி, சும்மாவே கிடைக்கும்” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் சுருக்கென்று இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே பாட்டு அந்த மூன்று பெட்டிகளிலும் இருப்பதைப் பார்த்தேன். பாப் பெட்டியில் அறுபதுகளின் வெற்றிப் பாடல் தொகுப்பு ஒன்று. அதில் ‘தி டோக்கன்ஸ்’ குழு 1961-இல் பாடிய ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’. ஃபோக் பெட்டியில் ‘தி வீவர்ஸ்’ குழு கார்னகி அரங்கில் பாடிய தட்டு. அதில் இதே மெட்டு ‘விமோவே’ என்ற பெயரில். ஜாஸ் பெட்டியில் மிரியம் மக்கேபாவின் 1960-ஆம் ஆண்டு ஆல்பம், அதில் ‘எம்புபே’. (மக்கேபாவை ஜாஸ் பெட்டியில் போட்டது அங்கிளின் முடிவு. நான் தர்க்கம் பண்ணவில்லை.) தொகுப்பின் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினேன். பாடிய குழுக்களின் பெயர் இருந்தது. இயற்றியவர் பெயர் எந்தப் பாட்டுக்கும் இல்லை.

பாட்டை உண்டாக்கியவர் சாலமன் லிண்டா. தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவர். 1939-இல் ஜொகனஸ்பர்க்கில், கேலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் ‘ஈவினிங் பேர்ட்ஸ்’ குழுவோடு நின்று பாடினார். எம்புபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பதிவாகும்போது அவர் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி மேலே எடுத்துப் பாடிய சில வினாடிகள்தான் பிறகு உலகம் முழுவதும் முணுமுணுத்த மெட்டு. உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அதே நிறுவனத்தில் இசைத்தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலையும் கிடைத்தது. தன் குரல் பதிந்த தட்டையும் அவர் கையாலேயே கட்டி அனுப்பியிருக்கக் கூடும் என்று நினைத்தால் என்னமோ செய்கிறது.

அந்தத் தட்டு அமெரிக்காவில் பீட் சீகர் கைக்குப் போனது. சூலு சொல்லை அவர் ‘விமோவே’ என்று காதில் வாங்கிக்கொண்டார். அவருடைய வீவர்ஸ் குழு பாடி ஹிட் ஆனது. அங்கிருந்து டோக்கன்ஸ், பிறகு 1994-இல் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’. லிண்டா 1962-இலேயே வறுமையில் இறந்துவிட்டார். கல்லறைக்கு ஒரு கல் நடக்கூட வீட்டில் அப்போது காசில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு வழி காட்டியது. இயற்றியவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை வாரிசுகளிடம் திரும்ப வேண்டும் என்கிறது அது. காலனித்துவச் சட்டத்தில் இப்படி ஒரு ஈரம் எங்கிருந்து வந்ததோ. (சிங்கப்பூரில் 1987 வரை நடப்பில் இருந்ததும் இதே சட்டம்தான்.) அதை வைத்து மகள்கள் தொடுத்த வழக்கு 2006-இல் சமரசத்தில் முடிந்தது.

இதை ‘ஏமாற்றப்பட்ட கலைஞன்’ கதையாகச் சொல்லி, கோபப்பட்டு முடித்துவிடலாம். ஆனால் என்னைக் குடைந்தது அந்த மூன்று பெட்டிகள்தான். பாப் பெட்டியில் முகம் அட்டை முழுக்க இருக்கும். பாடியவர் யார் என்பதில் சந்தேகமே வராது. ஜாஸ் பெட்டியில் தலைவர் பெயர் பெரிதாகவும், கூட வாசித்தவர்கள் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்திலும் இருக்கும். 1959-இன் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்றால் மைல்ஸ் டேவிஸ். அதில் டிரம்ஸ் வாசித்த ஜிம்மி காப் பெயர் எத்தனை பேருக்கு உடனே நினைவுக்கு வரும்? ஃபோக் பெட்டி இன்னும் விசித்திரம். அங்கே ‘பாரம்பரியப் பாடல்’ என்று ஒரு சொல் போட்டால் போதும், ஆளே மறைந்துவிடுகிறார். உயிரோடு, சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த லிண்டாவின் பாட்டை நாட்டார் பாடல் என்று நம்பியதால்தான் அதை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சீகர் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்தபின் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பியவர். மரியாதையோடுதான் அதை ‘மக்களின் பாட்டு’ என்று நினைத்தார். அந்த மரியாதையே ஒரு மனிதனின் பெயரை அழித்துவிட்டது.

சரி, பத்து ஷில்லிங் வாங்கிக்கொண்டுதானே கொடுத்தார்? விற்றபின் என்ன பாக்கி? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. அங்கிளிடம் நான் நாற்பது வெள்ளி கொடுத்தால் அதில் ஒரு காசும் மக்கேபா குடும்பத்துக்குப் போகாது, அதில் தப்பும் இல்லை. ஒருமுறை விற்ற பொருள் விற்றதுதான். அப்படி இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடை ஒன்றுகூட இருக்க முடியாது; நானும் எழுத்துப் பக்கம் வந்திருக்க மாட்டேன். ஆனால் விலை தீர்ந்த இடத்தில் கடனும் தீர்ந்துவிடுகிறதா? விலை என்பது இருவர் பேசி ஒத்துக்கொள்வது. அந்தப் பேச்சு நடந்த 1939-இல், அந்த மெட்டு என்னவாகப் போகிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரியாது. அதிலும் ஒரு தரப்புக்குத்தான் காத்திருக்க வசதி இருந்தது.

இவ்வளவு நியாயம் பேசும் நான் என்ன யோக்கியம்? என் நண்பன் ஒருவன் இங்கேயே தமிழில் ஆறு பாட்டு கொண்ட ஒரு ஆல்பம் போட்டான். இருபது வெள்ளி. நான் வாங்கவில்லை. இன்னொரு நண்பனின் பென்டிரைவிலிருந்து எடுத்துக் கேட்டேன். பிடித்திருந்தது. ஃபேஸ்புக்கில் பாராட்டி நீளமாக எழுதவும் செய்தேன். லிண்டா கதையைப் படித்த சூட்டில், ஒரு நாள் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது இருபது வெள்ளியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

“என்னடா இது?”

சொன்னேன். சிரித்தான். காசைத் தள்ளிவிட்டான்.

“இத விடு. நாலாவது பாட்டுல உறுமி சூப்பர்னு எழுதியிருந்தியே, அத யாரு வாசிச்சதுன்னு எப்பவாச்சும் கேட்டியா?”

கேட்கவில்லை. “கவர்ல போட்டிருக்கியா?” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அட்டையில் ‘உறுமி: கிள்ளான் நண்பர்கள்’ என்றுதான் இருக்கிறதாம். நூற்றைம்பது வெள்ளி கொடுத்தானாம். கோயில் திருவிழாவில் வாசிக்கும் பையன்கள். பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தான், டிசைன் அனுப்பும் அவசரத்தில் விட்டுப்போச்சு என்றான். என்னைக் கேள்வி கேட்க வந்தவன் தானே மாட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பாட்டும் ஒரே ஆளுடையது இல்லை, எல்லாருமே எங்கிருந்தோ எடுத்துத்தானே தருகிறார்கள் என்று வாதிடலாம். லிண்டாவும் சூலு இளைஞர்கள் கூடிப் பாடிய குழுப்பாடல் மரபில் ஊறியவர்தான். ஆனால் அவருக்குப் பிறகு அந்தப் பாடல் வகைக்கே ‘எம்புபே’ என்று பெயர் வந்தது. மரபிலிருந்து எடுத்தவர் எடுத்ததைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். உறுமி வாசித்த பையனும் அந்த அடியைத் தாத்தாவிடமிருந்து எடுத்திருப்பான். அதனால் அவனுக்குப் பெயர் வேண்டாம் என்று ஆகிவிடுமா? மரபு எல்லாருக்கும் பொது என்ற வாதம் ஏனோ எப்போதும் ஏழைகளிடம்தான் முதலில் சொல்லப்படுகிறது. ஸ்டுடியோக்காரன் பில்லை நீட்டும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கில் 1948-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மோசஸ் ஆஷ், தான் வெளியிட்ட எதையும் விற்பனையிலிருந்து எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆண்டுக்கு நாலு பேர் கேட்டாலும் சரி, அது பட்டியலில் இருக்க வேண்டும். அவருக்குப் பின் ஸ்மித்சோனியன் அந்த 2,168 ஆல்பங்களை ஏற்றதும் அதே நிபந்தனையோடுதான். ஆனால் அவர் கலைஞர்களுக்குக் காசு கொடுப்பதில் தாராளமானவர் இல்லை. 1952-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற நாட்டார் பாடல் தொகுப்பும் மற்ற நிறுவனங்களின் பழைய தட்டுகளிலிருந்து அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் அதிலுள்ள பல குரல்களை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த மனிதரை நான் எந்தப் பக்கம் வைப்பது? இதுவரை எனக்குத் தெளியவில்லை. காசு கொடுத்து மறந்துபோகிறவன், காசு கொடுக்காமல் காப்பாற்றி வைக்கிறவன். பாடியவரைக் கேட்டால் முதலாமவனைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். அவர் பேரப்பிள்ளையைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

நண்பன் அடுத்த அச்சில் பெயர்களைச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அடுத்த அச்சு என்று ஒன்று வருமா என்பது வேறு விஷயம். இருபது வெள்ளியைக் கடைசியில் வாங்கிக்கொண்டான். தே தாரிக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.

மறுவாரம் அம்கார்ப் போனேன். மக்கேபா தட்டு இன்னும் அங்கேதான் இருந்தது. நாற்பது வெள்ளியைக் கொடுத்துவிட்டு, மேசையிலேயே வைத்து, பின்னட்டை ஓரத்தில் பென்சிலால் ‘எம்புபே – சாலமன் லிண்டா, 1939’ என்று எழுதினேன். அங்கிள் பதறிவிட்டார்.

“ஏய், கிறுக்காத தம்பி! நாளைக்கு விக்கணும்னா பாதி விலைக்குக்கூட போகாது.”