சாட்சிக் கையெழுத்து

அக்காள் மகள் வளைகுடா நாட்டுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலைக்கு ஒப்பந்தம் போட்டாள். புறப்பட வேண்டிய மாதத்தில், வரவில்லை என்று எழுதிவிட்டாள். கிள்ளானிலேயே வேறு வேலை அமைந்துவிட்டது. பள்ளியும் வழக்கு வம்பு என்று எதையும் கிளப்பவில்லை.

என்னை உறுத்துவது கடைசிப் பக்கம். அவள் கையெழுத்துக்குக் கீழே 'சாட்சி' என்ற கோட்டின்மேல் என் கையெழுத்து இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைச் சாப்பாட்டுக் கடையில், தோசைத் தட்டை நகர்த்திவிட்டுப் போட்டது. அடையாள அட்டை எண்ணும் எழுதினேன். அவள் விலகிக்கொண்டாள். நான் இன்னும் அந்தக் கோட்டின்மேல்தான் இருக்கிறேன்.

"மாமா, நீங்க சும்மா சைன் போட்டீங்க, அவ்ளோதான்லா" என்றாள்.

சட்டமும் அவள் பக்கம்தான். சாட்சி என்பவர் கையெழுத்திட்டதைப் பார்த்தவர். பிணை நிற்பவர் அல்லர். நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இந்தியாவின் 1872 சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. மீறினால் நட்டஈடு கேட்கலாம். ஆளைப் பிடித்துவந்து பாடம் நடத்தவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.

அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார். சாயங்காலமானால் ஆட்கள் பாரங்களோடு வீட்டுக்கு வருவார்கள். குடியுரிமை மனு ஒருவருக்கு. 1969வாக்கில், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட். அப்பா வரிவரியாகப் படித்துச் சொல்வார். பெருவிரல் மை காய்ந்த பிறகே சாட்சியாகத் தன் பெயரை எழுதுவார். அந்த ஆள் பிறகு எங்கே வேலைக்குப் போனான், பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டே இருப்பார். யாரும் கேட்காத பொறுப்பு அது.

அவர்களுக்கு முந்திய தலைமுறையில் ஒப்பந்தக் கூலி வேலையைவிட்டு ஓடினால் குற்றம், சிறைக்கும் அனுப்பலாம். 1910இல் அந்த முறை நின்றது. ஊரில் ஆள் திரட்டும் கங்காணி அழைத்துவந்தவனோ, ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம். போக முடியாமல் நின்றவனிடம் நாணயத்தை எப்படி அளப்பது? விலக முடிகிறவளுக்குத்தான் கொடுத்த சொல்லைக் காப்பாற்றவும் முடியும். அப்படியானால் என் அக்காள் மகளின் மின்னஞ்சல், அந்த மனிதர்கள் ஏங்கிய உரிமை அல்லவா? ஆனால் பால்மரம் ஆள் வரும்வரை காத்திருக்கும். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகளின் ஆண்டு ஓடிவிடும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறது. தான் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் போனால் அதுவும் போச்சு. கோபப்பட்ட கங்காணிக்கு வலித்தது வாக்கா, காசா? எனக்குக் காசு எதுவும் போகவில்லை. 'அவர் சாட்சி போட்டால் சரியாக இருக்கும்' என்ற பெயர்தான் போயிருக்கிறது.

அந்தப் பள்ளிக்கு நானும் ஒரு வரி எழுதலாமா என்று யோசிக்கிறேன். எழுதினால், அது அப்பாவின் விசாரிப்பாக இருக்குமா, கங்காணியின் கணக்காக இருக்குமா என்று எனக்கே பிடிபடவில்லை.