நாளை எவர் கையில்?

மரத்தடியிலே அமர்ந்து, கூண்டைத் திறந்துவிட்டுக் கிளியை அழைக்கிறான் சோதிடன். கிளி வருகிறது, ஒரு நெல்மணிக்காகச் சீட்டொன்றைக் கவ்வி எடுக்கிறது. தன் வாழ்வே அந்தச் சீட்டிலே அடங்கியிருப்பதாக நம்பிக் கைகட்டி நிற்கிறான் ஏழை. அக்காட்சியைக் கண்டு நகைத்தவர்கள் நாம். நகைத்ததோடு நில்லாமல், ‘உன் வாழ்வு சீட்டிலே இல்லையப்பா, உன் செயலிலே இருக்கிறது’ என்று ஊரெங்கும் எடுத்துரைத்தவர்களும் நாமே.

இன்றோ? ‘எந்திரம் எல்லாவற்றையும் மாற்றிவிடும், வேலை போகும், தடுத்திட எவராலும் ஆகாது, வருவது வந்தே தீரும்’ என்று எவரேனும் ஆங்கிலத்திலே கூறிவிட்டால், அறிவியல் பேசுகிறார் என எண்ணித் தலையசைக்கிறோம். விதி என்னும் பழஞ்சரக்குக்குப் புது உறை போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்வதுதான் பகுத்தறிவா?

வருங்காலத்தைப் பற்றிய ஏடுகள் பல உள்ளன. இளைஞர்கள் அவற்றைத் தேடிப் படித்திடல் வேண்டும். ஆரூடம் கேட்பதற்காக அல்ல. நாளையை முடிவு செய்வோர் எவர் என்று அறிவதற்காக!

எச். ஜி. வெல்ஸ் 1914-ல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் செட் ஃப்ரீ’ என்னும் நாவலை முதலில் எடுத்துக்கொள்வோம். அணுவின் ஆற்றலால் இயங்கும் உலகையும், வானூர்தியிலிருந்து வீசப்படும் அணுகுண்டையும் அன்றே கற்பனை செய்தார் அவர். 1932-ல் அந்நூலைப் படித்தார், லியோ சிலார்டு என்னும் அங்கேரி நாட்டு இயற்பியல் அறிஞர். மறு ஆண்டே இலண்டனில், ஒரு நியூட்ரான் தாக்க இரண்டு வெளிப்பட்டு, இரண்டு நான்காகப் பெருகிடும் தொடர்வினை அவர் சிந்தையிலே உதித்தது. இட்லர் முந்திக்கொள்வானோ என்று அஞ்சி, 1939-ல் ஐன்ஸ்டைன் கையொப்பத்தோடு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்குச் சென்ற மடல் உருவாகக் காரணமாயிருந்தவரும் அவரே. 1945 சூலையில், குண்டு ஆயத்தமான நேரத்தில் நெஞ்சம் பதறி, அதை எண்ணிப் பாராது வீசிட வேண்டாமென விண்ணப்பம் எழுதினார். அறிவியலார் எழுபதின்மர் கையொப்பமிட்டனர். பயன்? ஆகஸ்டு 6 அன்று எரிந்தது இரோசிமா!

கதையிலே படித்ததைக் கணக்கிலே கண்டவர் அவர். அறிவு அவரிடம் இருந்தது. ஆணை வேறு சிலரிடம் இருந்தது. இந்தப் பாடத்தைக் கற்கவே அந்த ஏட்டைப் படிக்கச் சொல்கிறோம்.

அப்படியானால் அறிவியலே ஆகாதா? ‘பார்த்தீர்களா, பழமையே பாதுகாப்பு’ என்று பழமை விரும்பிகள் துள்ளி எழுவர். அவர்களுக்கு விடை, உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஆல்டேன் 1923-ல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரை. ‘டீடலஸ்’ என்னும் பெயரில் நூலாயிற்று அது. தாயின் கருப்பைக்கு வெளியே குழவி உருவாகும் காலம் வரும் என்றார். உயிரியலில் புதியது எதுவும் முதலில் அருவருப்பாகவே தோன்றும், பின்னர் வழக்கமாகிவிடும் என்றார். உடலுக்கு வெளியே கருவுற்ற குழந்தை 1978-ல் இங்கிலாந்தில் பிறந்தது. இன்று அம்மருத்துவம் நம் நகரங்களிலேயே நடைபெறுகிறது. இந்த ஆல்டேன், 1957-ல் நம் நாட்டுக்கே வந்து குடியேறி, இங்கேயே மறைந்தவர்.

ஆல்டேனுக்கு 1924-ல் மறுமொழி தந்தார் பெர்ட்ரண்டு ரசல். நூலின் பெயர் ‘இக்காரஸ்’. மாந்தரை மகிழ்விப்பதற்கு மாறாக, ஆள்வோர் பிடியை இறுக்கிடவே அறிவியல் பயன்படுமோ என்பது அவர் அச்சம். இருவரில் எவர் சரி? இரண்டையும் ஒருசேரப் படிப்பதே சரி! அருவருப்பு வாதமாகாது என்கிறது ஒன்று. ஆற்றல் அறமாகாது என்கிறது மற்றொன்று.

அடுத்து, நார்பர்ட் வீனர் 1950-ல் எழுதிய ‘தி ஹியூமன் யூஸ் ஆஃப் ஹியூமன் பீயிங்ஸ்’. தானியங்கும் எந்திரம் கூலி கேளாத அடிமை. அடிமையோடு போட்டியிடுபவன் அடிமையின் நிலைக்கே தள்ளப்படுவான் என எச்சரித்தார் அந்தக் கணித மேதை. ஏட்டிலே எழுதுவதற்கு முன்பே, 1949-ல், அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்கு மடல் தீட்டி, வரப்போவதை எடுத்துரைத்தார். அறிந்தவன் யாரிடம் சென்று சொல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ?

நம் காலத்து ஏடுகளில் இரண்டு. டோபி ஆர்டு 2020-ல் எழுதிய ‘தி பிரெசிபிஸ்’, மாந்த இனம் இந்நூற்றாண்டில் பேரழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்கிறது. இனிப் பிறக்கவிருப்போருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்பது அதன் அறம். உயர்ந்த அறந்தான். எனினும், ஆறில் ஒன்று என்பது அவரது மதிப்பீடு, அளந்து கண்டதன்று. எண்ணாகச் சொன்னால் மட்டும் எதுவும் மெய்யாகிவிடாது.

அதனருகே வைத்துப் படித்திட வேண்டியது, மேரி கிரே, சித்தார்த் சூரி இருவரும் 2019-ல் எழுதிய ‘கோஸ்ட் ஒர்க்’. ‘எந்திரத்தின் அறிவு’ என்று நாம் வியப்பதற்குப் பின்னே, படங்களுக்குப் பெயரிட்டும், ஆகாதவற்றை நீக்கியும், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கண்ணுக்குத் தெரியாமல் உழைப்போரின் கதை அது.

பிறவாத கோடிப் பேருக்காகக் கவலுறுவோர், பிறந்து உழைப்பவனைக் காணாதிருத்தல் அறமா? இன்றைய பசியைக் காட்டி நாளைய தலைமுறையை விற்றுவிடுதல்தான் அறமா? இரண்டும் அல்ல. பிறவாதவனும் உழைப்பவனும் வேறு வேறு அல்லர். முடிவெடுக்கும் மன்றத்திலே இருவருக்குமே இடம் தரப்படவில்லை! ஒருவன் இன்னும் வரவில்லை. மற்றவனை வாயிலிலே நிறுத்திவிட்டார்கள். உள்ளே செல்ல வேண்டியவன் உள்ளே சென்றால்தான், வராதவனுக்காகவும் வாதாட ஆள் இருக்கும்.

எனவே தோழர்களே, படிப்பகத்திலே இந்நூல்களைக் கூடிப் படியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: ஆக்குவோர் எவர்? ஆதாயம் எவருக்கு? அழிவு நேர்ந்தால் அதைச் சுமப்போர் எவர்? விடை கூறாத ஏடு எத்துணைப் பெரிய அறிஞர் எழுதியதாயினும், விடை கேட்கத் தயங்காதீர்கள்.

கிளி எடுத்துத் தந்த சீட்டைக் கிழித்தெறிந்தவை நம் கைகள். எந்திரம் நீட்டும் சீட்டின் முன் அவை கட்டுண்டு நிற்கலாமா?