குரலுக்கு சீனியாரிட்டி கிடையாது

"சார், இந்தத் தடவையும் லிஸ்ட்ல என் பேரு இல்ல."

இரவு பதினொன்றரை மணிக்கு வந்த அழைப்பு. பேசியவன் நான் சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்த பிள்ளை. சென்னையிலிருந்து சின்ன ஊர்களுக்குப் போய்வரும் ஏடிஆர் விமானத்தில் ஆறு வருஷமாகக் கோ-பைலட். லாக்புக்கில் 1,500 மணி என்றைக்கோ தாண்டிவிட்டது. கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் உரிமம் கையில் இருக்கிறது. சிமுலேட்டர் சோதனை ஒன்றில்கூடத் தவறியதில்லை. கோ-பைலட்டைக் கேப்டன் ஆக்கும் கமாண்ட் பயிற்சிக்கான பட்டியல் மட்டும் ஒவ்வொரு முறையும் அவன் பெயருக்கு மேலேயே நின்றுவிடுகிறது. கூடப் படித்தவன் பெரிய கம்பெனியில் ஏர்பஸ் கேப்டன் ஆகி, தோளில் நான்கு பட்டையோடு படம் அனுப்பியிருக்கிறான்.

கொஞ்ச நேரம் புலம்பினான். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னான்: "இனிமே வாய மூடிக்கிட்டுப் பறக்கப் போறேன் சார். கேட்டா பதில் சொல்வேன். கேக்கலைன்னா, கேப்டன் பாடு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, கோ-பைலட்டின் வலது இருக்கையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து உள்ளுக்குள் கூசிப்போயிருக்கும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும்.

உன் கோபம் நியாயமானது. "பொறுமையா இரு, எல்லாம் தானா வரும்" என்று எவர் சொன்னாலும் நம்பாதே. உனக்கு எது தானாக வந்தது? 200 மணி நேரம் பறந்து சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வாங்குவதற்கு அப்பா வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தார். உரிமம் வாங்கிய பிறகு ஏடிஆருக்கென்று தனியாக டைப் ரேட்டிங் என்ற தகுதி, அதற்குத் தனிக் காசு. வேலை கிடைத்ததும், இடையில் விலக மாட்டேன் என்று பாண்ட். விட்டுவிட்டு வேறு இடம் போகலாம் என்றால், 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ போட்ட விதி குறுக்கே நிற்கிறது: கோ-பைலட் ஆறு மாதம், கேப்டன் ஒரு வருஷம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரப்போகிறவனுக்காக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி காத்திருக்கும்? எழுதிவைத்த ராஜினாமாக் கடிதத்தை அனுப்பாமலே அழித்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

செய்தித்தாளைத் திறந்தால் விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள். 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. படிக்கும்போது உனக்கு வயிறு எரிகிறது, தெரியும். அத்தனையும் ஜெட். உன் ஏடிஆர் கூட்டம் சிறியது. அங்கே கேப்டனின் இடது இருக்கை காலியாக வேண்டுமென்றால் புது விமானம் வர வேண்டும், அல்லது ஒரு கேப்டன் போக வேண்டும். நாற்காலி காலியாகும் வேகத்தில்தான் உன் வரிசை நகரும், உன் திறமையின் வேகத்தில் நகராது. இந்த உண்மையை ஒருமுறை நேராகப் பார்த்துவிடு. பார்த்துவிட்டால், "என்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் தள்ளிவைக்கிறார்கள்" என்று ராத்திரி ராத்திரியாக உன்னையே தின்னும் அந்தப் பூச்சி செத்துப்போகும்.

நானும் வலது இருக்கையில் ஏழு வருஷம் இருந்தவன். கமாண்ட் பயிற்சிக்குத் தேதி குறித்த பிறகு நான் வேலை பார்த்த கம்பெனியே இழுத்து மூடிக்கொண்டது. மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. இந்த நாட்டில் இது புதிதல்ல. 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொன்றும் சாயும்போது ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களின் சீனியாரிட்டி எண் ஒரே இரவில் வெற்றுக் காகிதம் ஆனது. வேறு கம்பெனியில் போய் வரிசையின் வாலில் நின்றார்கள். நானும் நின்றேன். என்னைவிடப் பத்து வயது இளையவர் எனக்கு மேலே.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சீனியாரிட்டி எண் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த தேதி. அதற்குள் என் கை இல்லை, என் கண் இல்லை, இரவு மழையில் நான் எடுத்த ஒரு முடிவுகூட இல்லை. கம்பெனி மூடியபோது அந்த எண் போனது. சிமுலேட்டரில் ஒரு எஞ்சின் அணைந்த நொடியில் தானாக ரடர் பெடலை மிதிக்கிற என் கால் என்னோடுதான் வந்தது.

இப்போது "கேப்டன் பாடு" என்றாயே, அதற்கு வருகிறேன்.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலையுச்சி ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்தவர்கள் 166 பேர். இறந்தவர்கள் 158 பேர். விசாரணை அறிக்கையைப் படிக்காத விமானி இந்தியாவில் இருக்கக் கூடாது என்பேன். விமானம் இறங்க வேண்டியதைவிட மிக உயரத்தில் வந்தது. எச்சரிக்கைக் கருவி கத்தியது. வலது இருக்கையில் இருந்த கோ-பைலட், இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறிவிடுவோம் என்று மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. கோ-பைலட் தானே விமானத்தைக் கையில் எடுத்து ஏற்றலாமா என்பது பற்றிய விதிகளில் தெளிவு இல்லாததால் அவர் சொன்னதோடு நின்றிருக்கலாம் என்று அந்த அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

அந்தக் காக்பிட்டில் சரியான முடிவு வலது இருக்கையில் இருந்தது, தம்பி! சீனியர் இருக்கையில் இல்லை. இதை உன் நெஞ்சில் எழுதிக்கொள். உனக்குப் பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மா இருக்கிறாள், முதல் தடவை விமானம் ஏறும் உப்பளத்துப் பையன் இருக்கிறான். உன் தோளில் எத்தனை பட்டை என்று அவர்களுக்குத் தெரியாது. முன்னால் இரண்டு விமானிகள் இருக்கிறார்கள் என்று நம்பித்தான் பெல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். நீ வாயை மூடிக்கொண்டால் அந்த விமானத்தில் ஒரு விமானிதான். ஒருவரோடு பறக்க அவர்கள் டிக்கெட் வாங்கவில்லை.

பதவி உயர்வு கிடைக்காத வருத்தம் சம்பளத்தில் கைவைக்கட்டும், தூக்கத்தில்கூடக் கைவைக்கட்டும். உன் குரலில் கைவைக்க விடாதே. ஒருவன் சோர்ந்துபோவது முதலில் குரலில்தான் தெரியும். செக்லிஸ்ட்டை முணுமுணுப்பான். மேகத்தைப் பார்த்தும் "பார்த்துக்குவார்" என்று இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை அந்த முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போதெல்லாம் பயமாக இருக்கும்.

சின்ன விமானம் ஓட்டுகிறோம் என்ற வெட்கம் ஒன்று இருக்கிறது பார், அதை இன்றைக்கே கழற்றி எறி. "விசிறி வச்ச விமானமா?" என்று படியேறும்போதே பயணி கேட்பார். கேட்கட்டும். ஜெட் விமானம் 35,000 அடியில் மேகத்துக்கு மேலே போகும்போது நீ 18,000 அடியில் மேகத்தோடு மேகமாகப் போகிறாய். கண்ணாடிக்கு வெளியே பனி படிகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகிறாய். பெரிய ஜெட்டில் வேகத்தைக் கணினி தானாகப் பிடித்துக்கொள்ளும். உன் ஏடிஆரில் தானியங்கி த்ராட்டில் கிடையாது. நெம்புகோலில் உன் கைதான். இறங்கும்போது காற்று குறைந்தால் உன் உள்ளங்கைக்கு முதலில் தெரியும். ஒரு நாளில் நான்கு இறக்கம், சில நாள் ஆறு. நீண்ட தூர ஜெட்டில் இருக்கும் உன் தோழன் ஒரு மாதத்தில் பார்க்கிற ஓடுபாதைகளை நீ இரண்டு நாளில் பார்த்துவிடுகிறாய்.

தூத்துக்குடியை நினைத்துப் பார். சமீபகாலம் வரை அந்த ஓடுபாதை ஏறக்குறைய 1,350 மீட்டர்தான். இப்போதுதான் 3,000 மீட்டரைத் தாண்டி நீட்டியிருக்கிறார்கள். கயத்தாறுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்று வீசும்போது, அந்தக் குட்டை ஓடுபாதையில் பத்து மீட்டர் வீணாக்காமல் சக்கரத்தை வைத்தவர்கள் உன்னைப் போன்றவர்கள். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு மறுபடி விமானம் போனதே, அதுவும் ஏடிஆர்தான். போரால் பிரிந்த குடும்பங்களைக் கடல் தாண்டிச் சேர்த்த விமானத்தைச் சின்ன விமானம் என்று எவன் சொல்வான்?

உன்னைப் போலவே காத்திருந்த எமிலி வார்னர் என்றொரு பெண். அமெரிக்காவில் டென்வர் நகரில் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை. அவரிடம் படித்த ஆண்கள் ஒவ்வொருவராக விமானக் கம்பெனிகளில் சேர்ந்து சீருடையோடு வந்து நின்றார்கள். அவருக்கோ 7,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம். 1968 முதல் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். பெண் என்பதால் கதவு திறக்கவில்லை. 1973 ஜனவரியில் ஃப்ரான்டியர் கம்பெனி அவரை விமானியாக எடுத்தது. 1976-ல் கேப்டன் ஆனார், அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். எந்த விமானத்தில் தெரியுமா? ட்வின் ஆட்டர். இருபது பேர்கூட ஏறாத, விசிறி வைத்த குட்டி விமானம்! தன் மாணவர்கள் தன்னைத் தாண்டிப் போவதை ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஒரு நாளாவது பாடத்தை முணுமுணுத்திருப்பார் என்று நினைக்கிறாயா? முணுமுணுத்திருந்தால் அந்த 7,000 மணி நேரம் ஏது?

கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பதற்கும் பொறுமை என்று பெயர் வைக்காதே. கமாண்டுக்கு என்னென்ன தகுதி, வரிசையில் நான் எங்கே, முன்னால் எத்தனை பேர் என்று எழுத்தில் கேள். வெளியிலிருந்து கேப்டன்களை நேரடியாக எடுக்கிறார்களா, எடுத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பங்கு என்று கேள். ஒற்றை ஆளாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சங்கத்தில் சேர்ந்து கேள். விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்து 2025-ல் நடைமுறைக்கு வந்ததே, கம்பெனிகள் கனிந்து கொடுத்ததா? விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறின. களைத்த கண்ணோடு பறக்க மாட்டோம் என்று குரல் கொடுத்தவர்களால் வந்தது அந்தப் பன்னிரண்டு மணி நேரம். அதில்தான் நீ இன்று தூங்குகிறாய்.

எனக்குப் பழக்கமான ஒரு காரியத்தையும் சொல்கிறேன். நாற்பது பக்கம் நோட்டு ஒன்று வாங்கு. ஒவ்வொரு நாளும் டியூட்டி முடிந்து அறைக்கு வந்ததும் ஒரே ஒரு முடிவை எழுது: இன்று நான் இடது இருக்கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மதுரையில் மின்னல் வந்தபோது கேப்டன் திருச்சிக்குத் திரும்பினார். நானாக இருந்தால் இன்னும் ஒரு சுற்று காத்திருப்பேனா? அதற்கு எரிபொருள் இருந்ததா, எத்தனை கிலோ? அடுத்த நாள் அவரிடமே போய்க் கேள், ஏன் திரும்பினீர்கள் என்று. நல்ல கேப்டன் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுவார். சிடுசிடுக்கிற கேப்டன் முறைப்பார். முறைத்தாலும் கேள். எனக்கு ஏழு வருஷத்தில் பதினோரு நோட்டு சேர்ந்தது. கடைசியில் கமாண்ட் சோதனைக்குப் போனபோது சிமுலேட்டரில் வந்த எந்தச் சிக்கலும் எனக்குப் புதிதாக இல்லை. அத்தனையையும் ஏதோ ஒரு விடுதி அறையில் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அன்று இரவு அவனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நேரம் இல்லை, அவனும் களைத்திருந்தான். ஒன்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு என்ன டியூட்டி?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு ரிப்போர்ட்டிங் சார். தூத்துக்குடி, திரும்ப சென்னை, அப்புறம் சேலம்."

"யாரு கேப்டன்?"

பெயரைச் சொன்னான். கடுகடுப்பானவர், எனக்கும் தெரிந்தவர்தான்.

"பிரீஃபிங்ல வானிலைய நீ படி. எரிபொருள் எவ்வளவு வேணும்னு அவர் சொல்றதுக்கு முன்னாடி உன் கணக்க நீ சொல்லு. சத்தமா சொல்லு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவரு கணக்கு வேறயா இருந்தா சார்?"

"ஏன்னு கேளு."

"சரி சார்," என்றான். இந்த முறை முணுமுணுப்பு இல்லை.