பெயரை மாற்றினால் பாவம் போகுமா?

பிறனுக்கு அநீதி செய்தவன் மன்னிப்புப் பெற என்ன செய்யவேண்டும்? ஞானோபதேசம் படிக்கும் சிறு பிள்ளையும் விடை சொல்லும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். அநீதி செய்தது ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியாக இருந்தால் இந்த அளவுகோல் அதற்கும் பொருந்துமா? பொருந்தும்; ஏனெனில் கம்பெனியை நடத்துகிறவர்களும் மனச்சாட்சியுள்ள மனிதர்களே.

நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த ஒரு முகப்பூச்சை எடுத்துக்கொள்வோம். இந்துஸ்தான் லீவர் கம்பெனி 1975ஆம் ஆண்டு 'ஃபேர் அண்டு லவ்லி' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் பேச்சு வழக்கில் சொன்னால் 'சிவப்பும் அழகும்'. அதன் விளம்பரம் ஒன்றில், மகன் இல்லையே என்று தகப்பன் வருந்துகிறார். கறுத்த மகள் அந்தப் பூச்சைப் பூசிச் சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகிச் சம்பாதிக்கிறாள். கறுப்பாய் இருந்தவரை அவளால் குடும்பத்துக்குப் பயனில்லை என்பதே அது புகட்டிய பாடம்.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. மத்திய அரசும் தலையிட, 2003இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு, பெண்களின் படிப்புக்கு உதவ அந்தப் பூச்சின் பெயராலேயே ஓர் அறநிலையத்தைக் கம்பெனி தொடங்கியது. பூச்சின் விற்பனையோ நிற்கவில்லை. 2009இல் சென்னையிலிருந்து 'கறுப்பும் அழகே' என்ற இயக்கம் எழுந்தது. 2014இல், கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு விதி வகுத்தது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரின் முழங்காலின்கீழ் உயிர் விட்டார். அப்போது உலகெங்கும் மூண்ட கோபம் இப்பூச்சின்மீதும் திரும்பியது. அதே ஆண்டு ஜூலையில் அதன் பெயர் 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. 'சிவப்பு' போய்ப் 'பொலிவு' வந்தது.

நீதியாய்ப் பேசுவோம். விளம்பரத்தை நிறுத்தியது நல்லது. அந்தச் சொல்லை நீக்கியதும் நல்லது. அதைக் கேளாமல் வளரும் பெண்பிள்ளைக்கு ஒரு காயம் குறைவு. தருமமும் நல்லதே. ஆனால் தருமம் வேறு, பரிகாரம் வேறு. அயலான் ஆட்டைத் திருடியவன் கோவிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கி வைத்தால், ஆடு பட்டிக்குத் திரும்பிவிடுமா? எதைப் பறித்தோமோ, யாரிடம் பறித்தோமோ, அதை அவரிடமே திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பிறர் பெயரைக் கெடுத்தவனுக்கும் இதே சட்டந்தான். இங்கே பறிக்கப்பட்டது, சர்வேசுரன் தந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்து மகிழும் உரிமை. 45 ஆண்டுகளாக வெட்கப்படக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு அதை யார் திருப்பிக் கொடுப்பது?

கம்பெனியை மட்டும் குற்றஞ்சாட்டி எழுந்துவிட முடியாது. அந்த எண்ணத்தைக் கம்பெனி நம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நம் வீட்டில் இருந்ததைக் கண்டுதான் கடை விரித்தது. பிள்ளை பிறந்த அன்றே "நிறமா இருக்கா?" என்று கேட்கிறவர் யார்? வெங்காயக் காட்டிலும் பூந்தோட்டத்திலும் வெயிலில் நின்று பிழைக்கும் இந்தப் பூமியில், "பெண் கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லி இன்னும் ஐந்து பவுன் கேட்கிறவர் யார்? கூலி வாங்காத விளம்பரம் நம் நாவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

மோயீசன் எத்தியோப்பிய நாட்டுப் பெண்ணை மணந்ததைப் பற்றி அவருடைய அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் குறைகூறிய வரலாறு வேதாகமத்தில் உண்டு. சர்வேசுரன் கோபங்கொண்டார், மிரியாமின் தேகம் தொழுநோயால் வெளுத்தது. ஆரோன் சாக்குப் போக்குச் சொல்லவில்லை. தாங்கள் செய்தது பாவம் என்று தம்பியிடமே அறிக்கையிட்டார். குறைகூறப்பட்ட மோயீசனே அவளுக்காக மன்றாடினார். ஆயினும் ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே இருந்தாள். அவள் திரும்பி வரும்வரை மக்கள் பயணம் புறப்படவில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்வதும், அதற்குரிய அபராதத்தை ஏற்பதும், திருந்தினவளுக்காகக் காத்திருப்பதும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. பெயர் மாற்றம் மட்டும் இல்லை.

ஆகையால் அன்பார்ந்த குடும்பத்தாரே, இந்த வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது நிறத்தைப் பற்றியும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். மகளையோ மருமகளையோ நாலு பேர் முன்னிலையில் நிறத்தைச் சொல்லித் தாழ்த்தியவர், அந்த நாலு பேர் முன்னிலையிலேயே "நான் சொன்னது தவறு" என்று அவளிடம் சொல்லட்டும். அதற்குக் காசு செலவில்லை, கர்வந்தான் செலவாகும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் நிறத்துக்கு விலை பேசாதிருப்போம். பெரிய கம்பெனி முழுப் பரிகாரம் செய்யும் நாள் எப்போது வருமோ, அதை ஆண்டவர் அறிவார். நம் வீட்டுக் கடனை நாம் இன்றே தீர்ப்போமாக.