ஊருக்குப் போகாதவர்களின் தீபாவளி

தீபாவளிக்கு முந்தைய மாலை ஆலைகள் நிறைந்த ஒரகடத்தின் கூட்டுரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. படப்பை வழியாக வண்டலூர் போய், கிளாம்பாக்கத்தில் ஊர் பஸ் பிடிக்கிற பிள்ளைகள், முதுகில் பையும் கையில் கம்பெனி கொடுத்த ஸ்வீட் பாக்ஸுமாக ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொள்வார்கள். என் மனம் போவது, போகாமல் தங்கிவிடுகிறவர்களிடம்தான். ஒரு நாள் லீவில் ஒடிசாவுக்குப் போய் வர முடியாது. தர்மபுரிக்குப் போய் வரலாம். மறுநாள் ஏ ஷிப்ட் என்றால் அதுவும் கஷ்டம். கான்ட்ராக்டில் இருக்கிற பையனுக்குக் கூடுதலாக ஒரு நாள் கேட்கவே தயக்கம். பண்டிகை நாள் இவர்களுக்கு என்னவாக இருக்கிறது?

சட்டத்தில் ஒரு பதில் உண்டு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. தங்கை கல்யாணக் கடனுக்காக அந்த இரட்டைச் சம்பளத்தைத் தேடிப் போகிறவனை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்று பண்டிகைக் காலையில் இருக்கிறது. நமக்காக யாரோ விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

மற்ற நாட்களில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் நடத்தச் செய்ய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வழி இருந்தது. பண்டிகையன்று ஆலை மூடினால் கேன்டீனும் மூடிவிடும்; மெஸ்காரரும் ஊருக்குப் போயிருப்பார். ஊரெல்லாம் பலகாரம் சுடுகிற நாளில் இவர்கள் தங்கியிருக்கும் ரூம்களில் மட்டும் வயிறு காயும்.

அதனால்தான் எங்கள் வீட்டில் தீபாவளி விடியலில் பாம்பே டோஸ்ட். முதலில் அக்கம்பக்கத்து ரூம் பிள்ளைகளுக்கு இட்லிதான் வைக்க நினைத்தேன். ஆனால் இட்லி என்றால் நான் செய்வேன், அவர்கள் சாப்பிடுவார்கள், அத்தோடு முடிந்தது. டோஸ்ட் அப்படியில்லை. மாவாட்ட வேண்டாம், ஒரு தோசைக்கல் போதும். முட்டை அடிக்க ஒருவர், பால் ஊற்ற ஒருவர், திருப்பிப் போட ஒருவர் என்று எல்லோரும் சமையலறைக்குள் வந்துவிடுவார்கள்.

பிரெட் முந்தின நாளுடையதாக இருக்க வேண்டும். புதுசு, பாலில் பட்டதும் குழைந்து கையோடு வரும். ஈரம் போன துண்டு பாலையும் முட்டையையும் உள்ளே வாங்கிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும். ஏலக்காய்ப் பொடி, சர்க்கரை, நெய், சிறு தீ. தீ பெரிதானால் சர்க்கரை வெளியே கருகிவிடும், உள்ளே முட்டை வேகாது. முட்டை தொடாத பிள்ளைக்குப் பாலில் கஸ்டர்டு பவுடர் கரைத்துத் தனியாக. “அக்கா, எனக்குச் சர்க்கரை வேணாம், மிளகு போடுங்க” என்று ஒருத்தி சொல்வாள். அதுவும் நடக்கும்.

தீபாவளிக்கு இதுவா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் உலகத்தைக் காட்டுவேன். போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இதேபோல் செய்கிற ரபனாடா இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வீட்டுக்கு வீடு டொரிஹா பொரிப்பார்கள். ரோமானியரின் பழைய சமையல் நூலான ‘அபிசியஸ்’, பிரெட்டைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றச் சொல்கிறது. ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவும் நம் முஸ்லிம் கல்யாணங்களின் பிரெட் அல்வாவும் அந்த வழிதான். காய்ந்துபோனதை எறிய மனமில்லாதவர்கள், பாலும் இனிப்பும் சேர்த்து அதையே விசேஷத்துக்கு உரியதாக்கினார்கள். அந்த வரிசையில் ஒரகடத்து ரூம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது அம்மாவின் கைக்கு ஈடாகாது. ஈடாகும் என்று அவர்களிடம் நான் சொன்னதும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே வீடியோ காலில் அம்மாவுக்குத் தட்டைக் காட்டுகிறார்கள். ஒடிசாப் பையனின் அம்மா ஏதோ கேட்க, அவன் என் பக்கம் போனைத் திருப்புகிறான். எங்களுக்குப் பொது மொழி இல்லை. இருவரும் சிரித்துக்கொள்கிறோம். ஷிப்டுக்குப் போகிறவன் இரண்டு துண்டை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறான்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தைத் திறந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் சமையல் பொதுவாகத்தான் நடக்க முடியும், புரிகிறது. ஆனால் இதுபோன்ற எல்லா விடுதிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பண்டிகைக் காலையில் சமையலறையின் ஒரு மூலையை, நாலைந்து தோசைக்கல்லோடு, தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும். யாருக்கு யார் என்ன செய்து கொடுப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.