விமானப் பயணியின் தொழுகையும் நோன்பும்

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தொலைவு சுமார் 4,400 கிலோமீட்டர். விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இஸ்லாமியச் சட்டத்தில் பயணிக்குச் சில சலுகைகள் உண்டு. லுஹர், அஸர், இஷா தொழுகைகளின் நான்கு ரக்அத்தை (தொழுகைச் சுற்றை) இரண்டாகச் சுருக்கலாம். இதற்குக் கஸ்ர் என்று பெயர். ரமலான் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் நோற்கலாம். வெயிலும் மணலும் படாமல் இருக்கையில் சாய்ந்தபடி போய் இறங்குபவருக்கும் இவை பொருந்துமா?

பயணத்தின் அளவைப் பழைய சட்ட நூல்கள் நடையைக் கொண்டே சொல்லின. ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) அது மூன்று நாள் வழி. ஷாஃபி மத்ஹபில் சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடக்கும் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமி மைல். இன்றைய அளவில் இது 80 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. கணக்கிடுவோரைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். ஒட்டகத்தின் வேகம் மாறாதவரை நாளைச் சொன்னாலும் மைலைச் சொன்னாலும் ஒன்றுதான். வேகம் மாறினால் எதைக் கொள்வது என்பதற்கு, விமானம் வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை இருந்தது. 1277இல் மறைந்த இமாம் நவவி தம் ‘மின்ஹாஜ்’ நூலில், கடலில் அந்தத் தொலைவை ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்கிறார். பாய்மரக் கப்பலை மனத்தில் வைத்து எழுதியது, ஜெட் விமானத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதன் பின்னால் நுட்பமான ஒரு பாகுபாடு இருக்கிறது. சிரமத்தைத் தணிப்பது சலுகையின் நோக்கம் (ஹிக்மத்). பயணம் அதன் காரணம் (இல்லத்). சிரமத்தை அளக்க முடியாது, ஆளுக்கு ஆள் மாறும், பயணத்தை அளக்கலாம். ஆகவே சட்டம் காரணத்தின் மேல்தான் நிற்கும். உள்ளூரில் நாளெல்லாம் மூட்டை தூக்குபவருக்குக் கஸ்ர் இல்லை, விமானத்தில் தூங்கிக்கொண்டே போகிறவருக்கு உண்டு என்பது முரணாகத் தோன்றினாலும், அளவுகோல் இல்லாத சட்டம் அவரவர் மனம்போல் வளையும். ஆனால் அறிஞர் இப்னு தைமிய்யா குறிப்பிட்ட மைல் கணக்கை ஏற்கவில்லை. மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்றார்.

சலுகையை எடுக்காமல் நோன்போடு பறப்பவருக்குத் தொலைவும் கடிகாரமும் உதவாது, சூரியன்தான் கணக்கு. ஜித்தா சென்னைக்கு மேற்கே 41 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் அங்கே சூரியன் சுமார் 2 மணி 44 நிமிடம் தாமதம். மார்ச் மாதத்தில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டவர் இந்திய நேரம் 8 மணிக்கு, ஜித்தா நேரம் 5.30க்கு இறங்குவார். வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து முடித்திருப்பார்கள். அவருக்கோ இன்னும் ஒரு மணி நேரம் பகல் இருக்கும். சென்னை நேரப்படி வானில் நோன்பு திறக்கக் கூடாது என்பதே பரவலான தீர்ப்பு. திரும்பும் பயணத்தில் அதே அளவு பகல் குறைகிறது.

உயரமும் கணக்கில் வரும். 11 கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே மறைந்த சூரியன் சன்னலில் மேலும் பத்து நிமிடத்துக்கு மேல் தென்படும். தரையில் சூரியன் மறைந்ததும் நோன்பு திறந்துவிட்டு விமானம் ஏறியவர், மேலே போய் அதே சூரியனை மறுபடி கண்டாலும் நோன்பு முறியாது. சூரியன் மறையும் முன்பே ஏறியவர் காத்திருக்க வேண்டும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்போர் 2 நிமிடமும் 150ஆம் மாடிக்கு மேல் இருப்போர் 3 நிமிடமும் பொறுக்க வேண்டும் என்று 2011இல் வந்த தீர்ப்பும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.